விவசாய பீடத்துக்கு விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

பலாங்கொடையைத் தாண்டி அப்புத்தளைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குப் பெலிஹுல்ஓயாவைத் தெரியும். சப்ரகமுவ பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1995இல் பல்கலைக்கழகமான அதில் விவசாய விஞ்ஞான பீடமும் உண்டு. எமது இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் இந்தப் பீடத்தைப் பற்றிப் பெற்றோருடன் பேசினால் முகம் சுளிக்கிறார்கள். "மம்பட்டி புடிக்கவா ஐயா புள்ளைய இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று ஒரு தகப்பனார் எம்மிடம் கேட்டார்.

அவருக்கு நாம் சொன்னது இதுதான். மழைக்காலத்தில் இளங்கொழுந்தில் கொப்புளம் போடுகிறதே, அந்த நோய் 1946இல்தான் இலங்கைக்கு வந்தது. அதற்குச் செம்பு கலந்த மருந்தை எந்த அளவில், எத்தனை நாளுக்கு ஒருமுறை அடிப்பது என்று கண்டுபிடித்தவர்கள் விவசாய விஞ்ஞானம் படித்தவர்கள். மண், உரம், பூச்சி, கால்நடை, உணவு, சந்தை எல்லாம் இந்தப் படிப்புக்குள் வரும். பேராதனை, றுஹுணு, யாழ்ப்பாணம், கிழக்கு, ரஜரட்ட, வயம்ப பல்கலைக்கழகங்களிலும் விவசாய பீடங்கள் உண்டு. பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதைப் படிக்க உரிமை இல்லையா என்ன?

விண்ணப்பம் உயர்தரம் எழுதிய பிறகு தொடங்குவதில்லை. சாதாரண தரம் முடித்து, பாடம் தெரியும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. உயிரியல், இரசாயனவியல் இரண்டோடும் பௌதிகவியலையோ விவசாய விஞ்ஞானத்தையோ மூன்றாவதாக எடுக்கலாம். விவசாய விஞ்ஞானம் எடுத்தவர் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, விவசாய பீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரசாயனவியலை விட்டுவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

அடுத்தது மாவட்ட விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். விவசாயம் போன்ற பாடநெறிகளில் 40 வீத இடங்கள் முழு நாட்டுக்குமான திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்த 16இல் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் உள்ள எமது பிள்ளைகளின் லயமும் வசதியும் வேறா? ஆனாலும் சட்டம் அப்படி. பரீட்சைக்கு முந்திய வருடங்களில் பிள்ளை படித்த பாடசாலை எந்த மாவட்டமோ, அதை வைத்தே கணக்கு. எமது இரு மாவட்டங்களிலும் தமிழில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் மிகக் குறைவு என்பதால் ஹட்டனுக்கும் கொழும்புக்கும் அனுப்புகிறோம். ஹட்டன் சேர்ந்த நுவரெலியா மாவட்டம் அந்த 16இல் ஒன்று. கொழும்பில் போட்டி கடுமை. அனுப்பு முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை வாங்குங்கள். தமிழிலும் உண்டு. விண்ணப்பம் இப்போது கணினி வழியாகத்தான். பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்கும், விருப்ப வரிசையில் எழுத வேண்டும். இங்கேதான் எமது பிள்ளைகள் சறுக்குகிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளை மருத்துவத்தையும் அதைச் சேர்ந்த இரண்டையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவளுடைய இசட் புள்ளி அவற்றுக்குப் போதவில்லை. வெட்டுப்புள்ளி வெளிவந்தபோது, அவளுடைய மாவட்டத்தில் விவசாயத்துக்கு அது தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. எழுதவில்லையே! தாய் பிரட்டுக்களத்தில் நின்று அழுதார். நாமும் அந்தப் படிவத்தை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மருத்துவத்தை முதலில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குக் கீழே விவசாயத்தைப் பல பல்கலைக்கழகங்களுக்கும் எழுதுங்கள். கீழே எழுதுவதால் மேலே உள்ளது கிடைக்காமல் போகாது.

தெரிவுக் கடிதம் வந்தால் குறித்த திகதிக்குள் பதிந்துவிட வேண்டும். தோட்டத்துக்குக் கடிதம் சுற்றி வரத் தாமதமாகும், ஆகவே பிள்ளையே கணினியில் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

படிப்பு ஆங்கிலத்தில். பயப்பட வேண்டாம், தமிழில் படித்து வருகிறவர்களுக்குத் தொடக்கத்தில் ஆங்கில வகுப்பு உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, தங்குமிடம், பஸ் செலவுக்கு 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைக்காதவர்களுக்கு நிதி உதவி வேறு உண்டு. இரண்டுக்கும் வருமானம் காட்ட வேண்டும், ஆகவே சம்பளத் துண்டுகளை அடுப்பு மூட்டப் போட்டுவிடாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று இருந்தால் திருத்த மாதக்கணக்காகும். உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் இந்த மாதமே மூன்றையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு வந்தாலும் பார்ப்போம்.