சீபாப் மாஸ்க்கோடு தூங்கப் பழக...

தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது என்று டாக்டர், மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சீபாப் மெஷினை எழுதிக் கொடுத்தால், முதல் ராத்திரியே முழுசாகத் தூங்கிவிட முடியாது. பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள்.

பலருக்கும் தொல்லை காற்றுக் கசிவுதான். உடனே வாரை இறுக்குவார்கள். மூக்குத்தண்டு புண்ணாவதுதான் மிச்சம்! படுத்தபடி, மெஷின் ஓடும்போதே மாஸ்க்கை லேசாக முன்னால் இழுத்து விடுங்கள். சிலிக்கோன் விளிம்பு காற்றில் உப்பி, முகத்தோடு பொருந்தும். எண்ணெய் வழியும் முகத்தில் எந்த மாஸ்க்கும் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுங்கள்.

காற்று முகத்தில் அடிப்பது போலிருந்தால் 'ராம்ப்' வசதியைப் போடுங்கள். அழுத்தம் மெல்ல ஏறும். மூக்கு வறண்டால் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரைக் கூட்டுங்கள். அதில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. காலையில் மீதியைக் கொட்டிவிடுங்கள். ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்துக் களகளவென்று சத்தம் வந்தால், குழாய்க்குத் துணி உறை போட்டு, மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

மதியக் குட்டித் தூக்கத்துக்கும் மாஸ்க் வேண்டும். அழுத்த அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.