புதிய அறங்காவலர்களே, வருக: வனவுயிர் அறக்கட்டளை பற்றிய ஏழு நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேட்டூர் தண்ணீர் கல்லணையைத் தாண்டிக் கடைமடையை எட்டி, சம்பா நடவு முடிகிற காலத்தில்தான் வலசைப் பறவைகளும் டெல்டாவுக்கு வரத் தொடங்குகின்றன. அந்தப் பறவைகளுக்காகவும், ஆற்றிலும் கடலிலும் வாழும் உயிர்களுக்காகவும் இந்த வட்டாரத்தில் சிறு சிறு அறக்கட்டளைகள் உழைக்கின்றன. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், இரண்டு ஏக்கர் சம்பா விவசாயி, மீனவக் குடும்பத்தின் முதல் பட்டதாரிப் பெண் என்று பலரும் இவற்றில் அறங்காவலராகப் பொறுப்பேற்கிறார்கள். அவர்களை மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும் முன் களைய வேண்டிய சில தவறான எண்ணங்கள் உண்டு. இந்தப் பத்தி அவற்றுக்காகவே.

நம்பிக்கை 1: அறங்காவலர் பதவி ஒரு கௌரவம். ஆண்டு விழாவுக்கு வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டால் போதும்.

உண்மை: தஞ்சாவூரில் அறங்காவலர் என்றதும் கோயில்தான் நினைவுக்கு வரும். கோயில் அறங்காவலர்கள் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களுக்கு மேலே ஒரு துறை இருக்கிறது. வனவுயிர் அறக்கட்டளைக்கு அப்படி நாள்தோறும் மேற்பார்க்கும் துறை கிடையாது. மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல அறக்கட்டளைகளுக்கான ஆணையரும் தமிழ்நாட்டில் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளைப் பத்திரம்தான் ஆதாரம். அதில் எழுதிய நோக்கத்தை அறங்காவலர்கள் கூடிப் பேசி விருப்பம்போல மாற்றிவிட முடியாது.

மேற்பார்வை இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பொது அறக்கட்டளையில் நம்பிக்கை மீறல் நடந்தால், அதில் அக்கறை உள்ள இருவர் சேர்ந்து நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. அறங்காவலரை நீக்கவும் கணக்குக் கேட்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே முதல் கூட்டத்துக்கு வரும் முன்பே பத்திரத்தின் நகலை வாங்கி முழுவதும் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடும் முன் தீர்மானத்தைப் படியுங்கள். உடன்பாடு இல்லையென்றால், உங்கள் மறுப்பையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 2: தஞ்சையில் காடே இல்லை. இங்கே வனவுயிர் ஏது?

உண்மை: காடு குறைவு என்பது சரி. ஆனால் டெல்டாவின் வனவுயிர் காட்டை நம்பி மட்டும் இருப்பதில்லை. தண்ணீரை நம்பியும் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் வடுவூர் ஏரி இருக்கிறது. 128 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பாசன ஏரியும், திருத்துறைப்பூண்டி பக்கமுள்ள உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரை 2002லேயே சேர்ந்துவிட்டது. கொள்ளிடத்துக்கு வடக்கே கரைவெட்டி 2024இல் சேர்ந்தது.

கோடியக்கரையில் வெளிமான் மேய்கிறது. முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு இருக்கிறது. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் வாழ்கின்றன. காவிரிப் படுகையில் நீர்நாய் உண்டு. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கடலோரத்தில் கடற்புல் மேயும் கடற்பசு வாழ்கிறது. ஊர் மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். நம் நாட்டுக் கடல்களில் மீதமிருப்பவை சில நூறுதான் என்பது அரசு மதிப்பீடு. அவற்றில் பெரும்பகுதி தமிழகக் கடலோரத்தில்தான் இருக்கிறது.

நம்பிக்கை 3: அடிபட்ட விலங்கை மீட்டுக் கொண்டுவந்து வளர்ப்பதே அறக்கட்டளையின் வேலை.

உண்மை: நல்ல மனது கொண்டவர்கள் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி விலங்கைப் பிடிப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். சட்டம் குறிப்பிடும் சூழல்களில் கைக்கு வந்து சேரும் வனவிலங்கு அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையின் உரிய அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும். மீட்பு மையம் நடத்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்தான். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு தொடர்பான வேட்டைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை. அது 7 ஆண்டு வரை போகலாம்.

அறக்கட்டளை செய்யக்கூடியது வேறு. கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சைப் பற்றி இரவில் தொலைபேசி வந்தால், வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லலாம். வனத்துறையினர் வரும்வரை கூட்டத்தை விலக்கி நிறுத்தலாம். பார்த்த இடத்தையும் நேரத்தையும் குறித்து வைக்கலாம். குற்றம் நடந்தும் நடவடிக்கை இல்லையென்றால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, குடிமக்கள் யாரும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்று 55ஆம் பிரிவு சொல்கிறது.

நம்பிக்கை 4: ஓர் இடத்தைப் பாதுகாக்க வேண்டுமென்றால் விவசாயியும் மீனவரும் அங்கிருந்து விலக வேண்டும்.

உண்மை: டெல்டாவில் இந்த எண்ணம் ஒருநாளும் செல்லாது. வடுவூர் ஏரியில் பறவை இறங்குவதற்குக் காரணமே பாசனத் தண்ணீர்தான். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஏரிக்கு நீர் வருகிறது. அதை நம்பி வயலும் இருக்கிறது, பறவையும் இருக்கிறது. பாசனம் நின்றால் சரணாலயமும் இல்லை.

கடலுக்கு வாருங்கள். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, 2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுவே. இதன் சட்ட வடிவத்தைப் புதிய அறங்காவலர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். இவ்வகைப் பாதுகாப்பகத்தை அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். அதற்கான மேலாண்மைக் குழுவில் எல்லைக்குட்பட்ட ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஓர் இடம், வனவுயிர் பாதுகாப்பில் ஈடுபடும் தன்னார்வ அமைப்புகளுக்கு மூன்று இடம் என்று சட்டமே சொல்கிறது. உங்களைப் போன்றவர்கள் உட்கார வேண்டிய நாற்காலிகள் அவை. எதிரே இருப்பவர் ஊராட்சியின் பிரதிநிதி. அவர் வீட்டு வலையும் அதே கடலில்தான் கிடக்கும்.

அந்த வலையில் கடற்பசு சிக்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். அது மீன் அல்ல, பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலை கால்மணி நேரம் அழுத்திப் பிடித்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். படகில் இருப்பவர் சாம்பல் நிற முதுகைப் பார்த்த கணத்தில் கத்தியை எடுத்துத் தன் சொந்த வலையை அறுக்க வேண்டும். காசு கொடுத்து, சில வேளை கடன் வாங்கி, வாங்கிய வலை அது. பாக் விரிகுடா மீனவர்கள் பலமுறை அப்படி அறுத்து விட்டிருக்கிறார்கள். அரசும் அவர்களைப் பாராட்டிப் பரிசளித்திருக்கிறது. பெண் கடற்பசு ஓராண்டுக்கும் மேல் சினையாக இருந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு மீனவர் அறுத்து விடும் ஒவ்வொரு வலையும் பெரிய பாதுகாப்பு. அவரைப் பகைத்துக்கொண்டு கடற்பசுவைக் காப்பாற்ற எந்த அறக்கட்டளையாலும் முடியாது.

இது புதிய கருத்தும் அல்ல. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று முறையிட்டு, 1798லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்பிக்கை 5: வயலுக்கு வரும் பறவையும் பாம்பும் எல்லாமே விவசாயிக்குப் பகை, அல்லது எல்லாமே நண்பன்.

உண்மை: இரண்டுமே தவறு. நத்தைகுத்தி நாரையை வரப்பில் நின்று பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். சேற்றில் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டின் மூடி இடுக்கில் அலகின் நுனியைச் செருகி, உள்ளே தசையை அறுத்துச் சதையை உருவிவிடும். நெல்மணியை அது தேடுவதே இல்லை. கூகையும் சாரைப்பாம்பும் எலியைத் தின்று வயலைக் காக்கின்றன. டெல்டா விவசாயிகள் வயலில் பறவை உட்கார டி வடிவக் குச்சி நட்டு வைப்பது இதனால்தான். எலிக்கு மூங்கிலால் செய்த தஞ்சாவூர் கிட்டி வைத்தால் மற்ற உயிருக்குக் கேடில்லை. விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகலாம்.

அதே சமயம் மயிலும் நீலத் தாழைக்கோழியும் நெற்பயிரைச் சேதப்படுத்துகின்றன என்று விவசாயி சொன்னால், அது கட்டுக்கதை அல்ல. இழப்பு அவருடையது. அதை மறுத்துப் பேசும் அறங்காவலர் ஒரே பேச்சில் ஊரின் நம்பிக்கையை இழந்துவிடுவார். எந்த வயல், எந்த மாதம், எவ்வளவு சேதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வனத்துறையிடமும் வேளாண் துறையிடமும் பேச அந்தக் குறிப்புதான் உதவும்.

நம்பிக்கை 6: மரம் நட்டால் இயற்கையைக் காத்தாயிற்று.

உண்மை: மரம் நடுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், எல்லா நிலத்துக்கும் நல்லதல்ல. உள்ளான்கள் இரை தேடுவது திறந்த சேற்றில். கடற்பசு மேய்வது வெளிச்சம் படும் கடற்புல் வெளியில். ஏரியின் நீர்ப்பரப்புக்குள் கண்ட மரத்தை நட்டால் பறவைக்கு இடம் போகும், பாசனத்துக்கும் கொள்ளளவு போகும். சீமைக் கருவேலம் நம் ஏரிகளையும் தரிசுகளையும் எப்படி அடைத்தது என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல ஏரிகளில் மரம் நடுவதைவிட, ஆகாயத்தாமரையை அகற்றுவதும் வரத்து வாய்க்காலைத் திறந்து வைப்பதும்தான் பெரிய தொண்டு.

அதைவிட அடிப்படையான தொண்டு, விடாமல் கணக்கெடுப்பது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் பறவை ஆர்வலர்கள் தங்கள் ஊர்ப் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கிறார்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்ததால்தான் அங்கு வரும் பறவைகளின் பயணம் பற்றி இவ்வளவு தெரிகிறது. ஒரே ஏரியில், ஒரே மாதத்தில், பத்து ஆண்டுகள் எண்ணி எழுதிய நோட்டுப் புத்தகம் எந்தச் சிறிய அறக்கட்டளைக்கும் பெரிய சொத்து.

நம்பிக்கை 7: நல்ல காரியத்துக்குச் செலவழிக்கிறோம். கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

உண்மை: வனவுயிர் பாதுகாப்பை அறச்செயல் என்று வருமானவரிச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, 2009இல் சேர்ந்த சொற்கள் அவை. ஆனால் அந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. அறக்கட்டளை பதிவு பெற்று, அதை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். பொதுவாக வருமானத்தில் 85 விழுக்காடு அறப்பணிக்குச் செலவாக வேண்டும். அறங்காவலருக்கோ உறவினருக்கோ ஆதாயம் போனால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு பறிபோகும். மைத்துனரின் வேனைச் சந்தைவிலைக்கு மேல் வாடகைக்கு எடுப்பதும் இதில் சேரும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்காது.

டெல்டாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஊர்ப் பாசத்தில் பணம் அனுப்புவார்கள். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான தனிச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆடிட்டர் கணக்கைச் சரிபார்ப்பார். பணத்தை வாங்கலாமா என்று முடிவு செய்வது உங்கள் கையெழுத்து.

இவ்வளவு விதிகளையும் படித்து, நம்மைப் போன்ற சிற்றூர் அமைப்பால் என்ன ஆகும் என்று யாரும் தயங்க வேண்டாம். கடற்பசுவுக்காகப் பல ஆண்டுகள் உழைத்த ஓம்கார் அறக்கட்டளை இயங்குவது தஞ்சை மாவட்டத்தின் வெளிவயல் என்ற கடலோரக் கிராமத்தில். மீனவரோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் பழகி, கடற்புல்லை ஆராய்ந்து, அவர்கள் செய்த வேலை அரசின் காதுக்கும் உலக அரங்குக்கும் எட்டியது.

புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதத்தில் மூன்று காரியம் செய்யுங்கள்: பத்திரத்தைப் படியுங்கள், கடந்த ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் பகுதி வனச்சரகரையும் ஊராட்சித் தலைவரையும் நேரில் போய்ப் பாருங்கள். அடுத்த காலியிடம் வரும்போது, வலை வீசும் ஒருவரையும் வயலில் நிற்கும் ஒருவரையும் உங்களோடு உட்கார வையுங்கள். டெல்டாவின் தண்ணீர் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் இல்லாமல் இங்கே எந்த உயிரையும் காக்க முடியாது.