தரவு தொலையவில்லை, முகவரிதான் மாறிவிட்டது

க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்ற மாணவியர் பலருக்கு மைக்ரோசொப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பழக்கமானதே. அட்டவணை, வினவல், படிவம், அறிக்கை என்று நாம் பாடத்தில் படித்தவற்றைச் சில வீடுகளிலும் கடைகளிலும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துகிறார்கள். அம்மென்பொருளில் சிலவேளை தோன்றும் ஒரு வழுவைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

புதிய தரவுத்தளம் ஒன்றை எங்கே சேமிப்பது என்று நாம் சொல்லாவிட்டால், அக்சஸ் தானே ஓர் இடத்தைக் காட்டும். அதுவே இயல்புநிலைக் கோப்புறை. வழக்கமாக அது ‘டொகியுமென்ட்ஸ்’ கோப்புறையாக இருக்கும். நாம் விரும்பினால் வேறோர் இடத்தையும் கொடுக்கலாம். அக்சஸ் அந்த இடத்தின் பாதையை, அதாவது முகவரியை, எழுதி வைத்துக்கொள்ளும். பின்னர் அந்த முகவரியில் கோப்புறை இல்லாவிட்டால் வழுச் செய்தி வருகிறது.

முகவரி பல காரணங்களால் மாறலாம். யாராவது கோப்புறையின் பெயரை மாற்றியிருக்கலாம், அழித்திருக்கலாம். பென் டிரைவில் உள்ள கோப்புறையைக் கொடுத்திருந்தால், அதைக் கழற்றியதும் அந்த இடம் இல்லாமற் போகும். அதே பென் டிரைவுக்கு இன்று ‘ஈ’ என்ற எழுத்தும் நாளை ‘எஃப்’ என்ற எழுத்தும் கிடைக்கக்கூடும்.

இதைத் திருத்துவது எளிது:

1. அக்சஸைத் திறந்து ‘ஃபைல்’, பின்னர் ‘ஒப்ஷன்ஸ்’ என்பதைத் தெரிவுசெய்க.
2. ‘ஜெனரல்’ பகுதியில் ‘டிஃபோல்ட் டேட்டாபேஸ் ஃபோல்டர்’ என்ற பெட்டியில் உள்ள பாதையைப் பார்க்க.
3. அருகிலுள்ள ‘பிரவுஸ்’ பொத்தானை அழுத்தி, கணினியில் உண்மையாகவே உள்ள ஒரு கோப்புறையைத் தெரிவுசெய்க. பாதையைக் கையால் தட்டச்சு செய்தால் ஓர் எழுத்துப் பிழையும் மீண்டும் வழுவைத் தரும்.
4. ‘ஓகே’ கொடுக்க.

தெரிவுசெய்யும் கோப்புறையில் எழுதும் அனுமதியும் நமக்கு இருக்க வேண்டும். தரவுத்தளம் திறந்திருக்கும்போது அக்சஸ் அதன் அருகிலேயே ஒரு சிறிய பூட்டுக் கோப்பை உருவாக்குவதே இதற்குக் காரணம்.

இங்கே ஒரு முக்கியமான விடயம் உண்டு. இந்த அமைப்பை மாற்றுவதால் பழைய தரவுத்தளங்கள் புதிய இடத்துக்கு நகர்வதில்லை, அழிவதுமில்லை. எங்கள் உறவினர் ஒருவர் தமது கடையின் கடன் கணக்கை அக்சஸில் வைத்திருக்கிறார். இந்தச் செய்தியைக் கண்டதும், கணக்கு முழுவதும் போய்விட்டது என்று எண்ணி, வெற்றுத் தரவுத்தளம் ஒன்றில் ஞாபகத்திலிருந்து பெயர்களைப் பதியத் தொடங்கிவிட்டார். பழைய கோப்போ இன்னொரு கோப்புறையில் பத்திரமாக இருந்தது. நாங்கள் தேடி எடுத்திராவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு கடன் கணக்குகள் இருந்திருக்கும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதில் மனத்தாங்கல் வர அதுவே போதும்.

ஆகவே, வழுவைக் கண்டதும் எதையும் அழிக்கவோ புதிதாகப் பதியவோ வேண்டாம். முதலில் அக்சஸின் அண்மைக் கோப்புப் பட்டியலைப் பாருங்கள். அங்கு இல்லையென்றால், ‘ஏசிசிடிபி’ என்ற பின்னொட்டுடைய கோப்புகளைக் கணினியிலும் பென் டிரைவிலும் தேடுங்கள். ‘ரீசைக்கிள் பின்’னையும் பாருங்கள். கோப்பு கிடைத்ததும், திறக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: கணக்குக் கொப்பி எந்த அலுமாரியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணினியிலுள்ள கணக்கு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதும் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.