கோட்டில் நிற்க வேண்டியது எது?

கேள்வி: சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் பாடி அறுத்தாயிற்று. நெக் கடையில் வாங்கியது, ஸ்கேல் 648 மி.மீ. அந்த அளவுக்குப் பாடியில் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். ஆறு சேடில் உள்ள, ஆடாத பிரிட்ஜ். ஸ்க்ரூ துளைகள் அந்தக் கோட்டில் வர வேண்டுமா, சேடில்கள் வர வேண்டுமா?

பதில்: துளை போடுவதற்கு முன் கேட்டீர்களே, நல்லது. ஸ்க்ரூ துளைக்கும் ஸ்கேலுக்கும் சம்பந்தமே இல்லை. கணக்கு, கம்பி உட்காரும் சேடில் முகட்டுக்குத்தான். அந்த ஆறு முகடும்கூட ஒரே கோட்டில் நிற்காது.

ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. அதை ஈடுகட்ட நீளத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். மெல்லிய முதல் கம்பிக்கு ஒன்றிரண்டு மி.மீ. போதும், தடித்த ஆறாவது கம்பி நாலைந்து மி.மீ. வரை கேட்கும். வீணையில் மெழுகை இளக்கி மெட்டையே நகர்த்தி மேளம் கட்டலாம். கிட்டாரில் ஃப்ரெட் அடித்தது அடித்ததுதான். சேடில்தான் நகர்ந்து கொடுக்க வேண்டும், அதுவும் பின்பக்கமாக.

ஆகவே முதல் கம்பியின் சேடிலை முன்னால் கொண்டுவந்து, இரண்டு மி.மீ. மட்டும் மிச்சம் வையுங்கள். அதன் முகடு 648-ல் நிற்கும்படி பிரிட்ஜை வைத்தால் எல்லாச் சேடிலுக்கும் பின்னால் போக இடம் கிடைக்கும். என் முதல் கிட்டாரில் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜைக் கோட்டின்மேலேயே நேராக வைத்துவிட்டேன். 1954-ல் லெஸ் பால் கஸ்டமில் வந்த வகை அது. ஆறாவது கம்பிப் பக்கம் பின்தள்ளிச் சாய்வாகத்தான் வைக்க வேண்டும். சேடிலைக் கடைசி வரை திருகியும் ஆறாவது கம்பி சுருதிக்கு வரவில்லை. துளைகளில் மரமுளை அடித்து ஒட்டி, மறுபடி துளைத்தேன். தழும்பு இன்றும் தெரிகிறது.

அளப்பதற்கு டேப் வேண்டாம், அதன் கொக்கி ஆடும். இரும்பு ஸ்கேலை நட்டின் ஃப்ரெட்போர்டு பக்க விளிம்பில் வையுங்கள். 12-வது ஃப்ரெட்டின் உச்சி 324 மி.மீ.-ல் வர வேண்டும். வராவிட்டால் கடைக்காரர் சொன்னதை விட்டுவிட்டு, நீங்கள் அளந்ததை இரட்டியுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது பக்கவாட்டில்தான். பாடியின் நடுக்கோட்டை நம்பாதீர்கள்; நெக் அரை மி.மீ. திரும்பியிருந்தாலும் பிரிட்ஜுக்கு வரும்போது அது பெருகிவிடும். நெக்கை முடுக்கி, பிரிட்ஜை இருபக்க டேப்பால் ஒட்டி, நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்து அந்தந்தச் சேடிலுக்கு நூல் இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரு நூலுக்கும் வெளியே உள்ள ஓரம் சமமாகும்வரை பிரிட்ஜை நகர்த்தி, பிறகு துளை இடங்களைக் குறியுங்கள்.

பிரிட்ஜை முடுக்குவதற்கு முன் அதன் அடியிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு எர்த் ஒயர் போக ஒரு துளையும் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் கம்பியிலிருந்து கை எடுத்தாலும் வைத்தாலும் ஆம்ப்பில் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும்.