காலி சம்ப்பின் கணக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பாடிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் சம்ப்புக்குக் குழி வெட்டுவது பெரும்பாலும் வெயில் காலத்தில்தான். குழி காய்ந்திருக்கும், வேலையும் சுலபம். ஐப்பசி பிறந்தால் கதை வேறு. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகிறது. பாடி இருப்பது இந்த ஏரிகளை ஒட்டித்தான். 2015 டிசம்பரில் கொரட்டூரிலும் முகப்பேரிலும் வெள்ளம் தெருக்களோடு நிற்கவில்லை, வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அப்படியொரு நாளில் சம்ப் காலியாக இருந்தால் அது பூமிக்குள்ளேயே இருக்குமா?

கான்கிரீட் மிதக்குமா என்று சிரிக்காதே. முதல் உலகப் போர்க் காலத்தில் கான்கிரீட்டில் கப்பலே கட்டினார்கள்.

நீ சிவில் படிப்பதால் கணக்காகவே பார்க்கலாம். உள்ளளவு இரண்டரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம்: 10,000 லிட்டர் சம்ப். சுவர் 15 செ.மீ., அடித்தளம் 20, மேல்மூடி 12.5 என்று வைத்தால் மொத்தக் கான்கிரீட்டின் எடை சுமார் 12.4 டன். தரைமட்டம் வரை நீர் ஏறினால் அது தொட்டியை மேலே தள்ளும் விசையோ 15 டன். ஆக, வெறும் சம்ப் எழும்பிவிடும். மூடி போடாத நிலையில் மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். சுற்றியுள்ள மண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று மேஸ்திரி சொல்வார். நனைந்து இளகிய மண்ணின் பிடியை நம்பக் கூடாது.

தடுக்கும் வழி எளிது. அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நாலு பக்கமும் 30 செ.மீ. நீட்டினால், அதன்மேல் உட்காரும் மண் தண்ணீரில் ஊறிய நிலையிலும் ஆறு டன்னுக்கு மேல் அழுத்தும். நீட்டிய கான்கிரீட்டையும் சேர்த்தால் 20 டன் அளவுக்கு வந்துவிடும். மிதப்பு விசையைவிட 20 சதவீதமாவது கூடுதல் எடை வேண்டும் என்பது வழக்கம். இங்கே அதைத் தாண்டிவிட்டோம்.

ரெடிமேட் பிளாஸ்டிக் செப்டிக் டேங்குக்கு இந்தச் சொந்த எடையும் கிடையாது. கீழே கான்கிரீட் தளம் போட்டு, துருப்பிடிக்காத பெல்ட்டால் அதோடு கட்ட வேண்டும். வெளியே மண் நிரப்ப நிரப்ப உள்ளேயும் தண்ணீர் விட வேண்டும். எம்.டி.எச். ரோட்டில் நீ பார்க்கும் பெட்ரோல் பங்க்குகளிலும் இதே கவலைதான். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. 20,000 லிட்டர் பெட்ரோல் 15 டன்தான் இருக்கும். அதனால் தொட்டி நிரம்பியிருப்பதை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது.

மழைவெள்ளம் கூட வேண்டியதில்லை. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் உராயாசு நகரில், குலுங்கிய ஈரமணல் குழம்பாகி மேன்ஹோல்களைத் தரைக்கு மேலே தள்ளிவிட்டது.

நம் ஊரில் ஆபத்து வருவது பெரும்பாலும் அவசரத்தால்தான். சாக்கடை கலந்துவிட்டது என்று மழை விட்ட மறுநாளே மோட்டார் போட்டுச் சம்ப்பைச் சுத்தமாக இறைப்பார்கள். தொட்டி சில அங்குலம் எழும்பினாலே போதும், குழாய் இணைப்பு விட்டுப்போகும். மேலே சொன்ன சம்ப்பில் அடித்தளத்தை நீட்டியிருக்காவிட்டால், ஒரு மீட்டருக்குச் சற்று மேலாகத் தண்ணீர் நின்றால்தான் அது பத்திரமாக இருக்கும். வீட்டு உறைகிணற்றை எட்டிப்பார். நீர்மட்டம் சம்ப்பின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கிய பிறகு இறைக்கச் சொல். அதுவரை அந்தத் தண்ணீரை யாரும் புழங்க வேண்டாம்.

உன் வீட்டில் வேலை தொடங்கும்போது, கம்பி கட்டுவதற்கு முன்பே காலித் தொட்டிக்கான கணக்கை இன்ஜினியரிடம் எழுதி வாங்கிவிடு.

அன்புடன்,
அண்ணன்