இட்டேரி வழியே மிதிவண்டி

சேர்வராயன் மலை, போதமலை, கொல்லிமலை ஆகியவை அரண்போல் உயர்ந்து நிற்க, மேற்கிலும் தெற்கிலும் காவிரி வளைந்தோட, இடையே பரந்து கிடப்பது சேலம் நாமக்கல் சமவெளி. 1997 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளன்று நாமக்கல் தனி மாவட்டம் ஆயிற்று. அதற்குமுன் இரண்டும் சேலம் மாவட்டம் என்னும் ஒரே பெயரால் வழங்கின. இந்நிலத்தின் பெரும்பகுதி செம்மண் ஆகும். அம்மண்ணோடு பருக்கைக் கற்களும், வெங்கச்சங்கல் என்று ஊரார் கூறும் வெண்ணிறக் கற்களும் கலந்து கிடக்கும்.

இவ்வூர்களின் தோட்டங்களுக்கு இடையே செல்லும் குறுகிய வழிக்கு இட்டேரி என்பது பெயர். இருபுறமும் கிளுவை முதலியவற்றால் ஆகிய உயிர்வேலி நிற்கும். நடுவே மாட்டுவண்டி ஒன்று செல்லுமளவு இடம் இருக்கும். வேலியில் கோவைக் கொடியும் பிரண்டையும் படரும். கௌதாரியும் கீரியும் ஓணானும் அதனை உறைவிடமாகக் கொள்ளும். ஆடு மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்வோரும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வோரும், பள்ளிக்குச் செல்லும் சிறாரும் இவ்வழியையே நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர்.

இத்தகைய மண்வழிக்கும் சரளை வழிக்கும் மிகவும் ஏற்ற ஊர்தி மிதிவண்டியே. அதன் வரலாற்றை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். செருமனி நாட்டுக் கார்ல் திரைசு என்பார் 1817 ஆம் ஆண்டில் இரண்டு மரச்சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, காலால் நிலத்தை உந்திச் செல்லும் வண்டி ஒன்றை இயற்றினார். இங்கிலாந்தில் சான் கெம்பு சுடார்லி என்பார் 1885 ஆம் ஆண்டில், ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட வண்டியை வெளியிட்டார். தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் அதிர்வதைக் கண்ட கால்நடை மருத்துவர் தன்லப்பு என்பார், 1888 ஆம் ஆண்டில் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தை உருவாக்கினார். அக்காலத்தில் தார்ச்சாலைகள் பெருகவில்லை. எனவே, மிதிவண்டி பிறந்ததும் வளர்ந்ததும் கல்லும் மண்ணும் நிறைந்த வழிகளில்தான் என்பது தெளிவு.

பின்னாளில் தார்ச்சாலைகள் பெருகவே, மேனாடுகளில் விரைந்து செல்வதற்கென மெல்லிய சக்கரமுடைய வண்டிகள் தோன்றின. ஊர்திகளின் நெருக்கம் மிகுந்தபோது, அங்குள்ளார் மீண்டும் சரளை வழிகளை நாடலாயினர். அமெரிக்காவின் கான்சசு மாநிலத்தில் 2006 ஆம் ஆண்டு முதல் சரளைப் பாதையில் 200 மைல் தொலைவு செல்லும் போட்டி நடைபெறலாயிற்று. 2022 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் சரளைப் பாதை மிதிவண்டிக்கான முதல் உலக வாகையர் போட்டியும் நடந்தது. இதற்கெனச் செய்யப்படும் வண்டிகளின் சக்கரம் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் அகலம் உடையது.

நம் நாட்டுப் பால்காரரும் உழவரும் ஓட்டி வந்த பழைய கறுப்பு மிதிவண்டியின் சக்கர அளவு 28 அங்குலமும், டயரின் அகலம் ஒன்றரை அங்குலமும் ஆகும். ஒன்றரை அங்குலம் என்பது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். மேனாட்டார் புதிதாகக் கண்டதாகக் கருதும் அகலம் நம்மவர் வண்டியில் முன்னரே அமைந்திருந்தது! பால் குடங்களையும் புல்லுக்கட்டையும் ஏற்றிக்கொண்டு இட்டேரியில் நாள்தோறும் சென்ற அவர்கள், அதனை வீரச்செயலாக எண்ணவில்லை; பிழைப்பாகவே கொண்டனர்.

அகன்ற சக்கரத்தின் பயன் யாது? மெல்லிய சக்கரத்தில் காற்றை மிக அழுத்தமாக அடைத்தல் வேண்டும். அது சிறு கல்லின்மீது ஏறும்போது வண்டி முழுவதும் மேலே தூக்கப்படும். ஓட்டுவோர் அதிர்வால் வருந்துவர். அகன்ற சக்கரத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கலாம். அச்சக்கரம் கல்லைத் தனக்குள் சற்றே வாங்கிக்கொண்டு கடந்து செல்லும். மேலும், அது நிலத்தில் அகலமாகப் படிவதால் தளர்ந்த மண்ணில் எளிதில் புதைவதில்லை.

சரளையில் ஓட்டுவோர் சில முறைகளை அறிதல் நலம். திருப்பத்தில் முன்சக்கரத் தடையைத் திடீரென அழுத்தினால் சக்கரம் சறுக்கி வீழ்த்திவிடும். ஆதலால் திருப்பத்திற்கு முன்பே விரைவைக் குறைத்தல் வேண்டும். கைப்பிடியை இறுகப் பற்றாமல் தளர்வாகப் பிடித்தலும், அண்மையிலுள்ள கல்லையே நோக்காமல் சற்றுத் தொலைவில் பார்வையைச் செலுத்துதலும் நன்று. நெருஞ்சியும் கருவேல முள்ளும் மிகுந்த நிலமாதலின், காற்றடிக்கும் பம்பும் துளையை அடைக்கும் ஒட்டுப்பொருளும் உடன் இருத்தல் வேண்டும்.

இச்சமவெளியின் தென்மேற்கில் ஜேடர்பாளையம் என்னும் ஊர் உள்ளது. அங்கே காவிரியிலிருந்து இராஜவாய்க்கால் பிரிகின்றது. அதனை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்பர். பரமத்திவேலூர்ப் பகுதியில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் செழிப்பதற்குக் காவிரி வாய்க்கால்களே காரணம். மோகனூர்ப் பக்கத்தில் பாய்க்குரிய கோரையும் விளைகின்றது. வறண்ட செம்மண் தோட்டத்து இட்டேரியில் புறப்பட்டு இவ்வாற்றங்கரைக்கு வந்து சேரும் மாணாக்கன், முல்லையும் மருதமும் ஒன்றையொன்று தொடும் இடத்தைத் தன் கண்ணாலேயே காண்பான். மானாவாரிச் சோளம் முடிந்து நெல் தொடங்கும் இடத்தில் காற்றின் வெம்மை தணிவதையும் அவன் உணர்வான். விரைந்தோடும் பேருந்தின் சாளரத்தில் இவ்வேறுபாடு தோன்றி மறைந்துவிடும்.

நிலத்திற்கேற்ப வழியும் செலவும் மாறும். பிரான்சு நாட்டின் தென்மேற்குக் கடற்கரையை அடுத்த லாந்து என்னும் பகுதி முற்காலத்தில் சதுப்பு நிலமாக இருந்தது. அங்கு ஆட்டிடையர் பொய்க்கால் கட்டி நடந்தனர். 1857 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அந்நிலம் வடிக்கப்பட்டுப் பைன் மரக்காடாக மாறியது. இன்று அக்காட்டினூடே மிதிவண்டிப் பாதைகள் செல்கின்றன. மேய்ச்சல் நிலம் மறைந்தபோது பொய்க்கால் நடையும் மறைந்தது. ஒரு நிலம் மாறினால் அதனைச் சார்ந்த வாழ்வும் மாறும் என்பதற்கு இது சான்று.

இட்டேரிக்கும் அத்தகைய மாற்றம் நேர்ந்து வருகின்றது. சாலையை அகலப்படுத்துங்கால் உயிர்வேலி வெட்டப்படுகின்றது. கம்பிவேலி அவ்விடத்தைக் கொள்கின்றது. சில இட்டேரிகள் அடுத்த தோட்டத்தோடு உழப்பட்டு மறைகின்றன. வேலி அழிந்தால் கௌதாரிக்கு இடமில்லை. வழி அழிந்தால் எளியோர்க்கு நெடுஞ்சாலையன்றி வேறு வழியில்லை. அங்கோ சரக்குந்துகளுக்கு நடுவே சிறுவர் மிதிவண்டி ஓட்டுதல் உயிருக்கே இடராகும்.

மிதிவண்டி எளியோர்க்கு அளித்த உரிமை சிறிதன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டப் பயின்றனர். பிறர் துணையை எதிர்நோக்காமல் வேலைக்கும் சந்தைக்கும் சென்றனர். பின்னர்த் தமிழக அரசு பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கலாயிற்று. தொலைவைக் காரணம் காட்டிப் பெண்மக்களின் படிப்பை நிறுத்தும் வழக்கத்தை எதிர்க்க அவ்வண்டி துணை செய்தது.

வண்டி கிடைத்தால் மட்டும் போதாது. அது செல்வதற்கு அச்சமற்ற வழியும் வேண்டும். மக்கள் நடமாடும் வழி எளிதில் மறைவதில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் வழியையோ முதலில் முள் மூடும். பிறகு உழுசால் விழுங்கும். ஆகவே, இட்டேரியில் மிதிவண்டி ஓட்டிச் செல்லும் மாணாக்கர், தம்மையறியாமலே ஊர்ப் பொதுவழியைக் காக்கின்றனர்.