அரைக்கச்சை

ஜப்பானிய மங்கையர் கிமோனோ என்னும் நெடிய அங்கியின்மேல் இடையிற் சுற்றும் பட்டைக்கு ஓபி என்பது பெயர். ஏறக்குறைய 4 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடைய அதன் வனப்பிலே மயங்கிய மேனாட்டு ஆடைவல்லார், தம் உடைகளிலும் அதனைப் பின்பற்றலாயினர். விந்தை யாதெனின், கிமோனோவை நெகிழாது பற்றி நிற்பன ஓபியினுள்ளே மறைந்து கிடக்கும் மெல்லிய நாடாக்களே. முன்னர்க் குறுகியிருந்த ஓபி, எடோ காலத்தில் (1603–1868) அகன்று அணியாயிற்று. இது நிற்க.

நம் நாட்டுக் கச்சையின் வரலாறு இதனினும் சுவையுடைத்து. கச்சு, கச்சை, வார், பட்டிகை எனத் தமிழில் இதற்குப் பெயர் பல. மகளிர் இடையணியையோ கோவைக் கணக்காற் பிரித்தே பெயரிட்டனர் பழையோர்: 7 கோவையுடையது மேகலை, 8 காஞ்சி, 16 கலாபம், 18 பருமம், 32 விரிசிகை. இத்துணை நுட்பமாக எண்ணிப் பெயரிட்டோர் அணியை வெறும் ஆடம்பரமாகக் கருதியிரார். சோழர் காலத்துக் கூத்தப்பிரான் செப்புத் திருமேனியை உற்று நோக்குவார், வயிற்றைச் சுற்றிய உதரபந்தத்தையும் ஆடலின் விரைவிலே பறக்கும் துகில் முனையையும் காண்பர். யோவான் ஸ்நானகன் அரையிற் கட்டிய தோற்பட்டையைத் தமிழ் வேதாகமம் வார்க்கச்சை என்றே வழங்குகிறது. போருக்கோ வழக்குக்கோ துணிந்து நிற்பாரை 'கச்சை கட்டி நிற்கிறார்' என்று இன்றும் சொல்கிறோமன்றோ?

இக்கச்சை கடல் கடந்தும் சென்றது. பாரசீகத்தில் கமர் என்பது இடை. பந்த் என்பது கட்டு. கமர்பந்த் என்னும் இடைத்துணியை இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைத்தலைவர் 19-ஆம் நூற்றாண்டில் மேற்கொண்டனர். வெப்பம் மிக்க நாட்டில் உள்ளங்கிக்கு மாற்றாக இடையில் ஒரு பட்டுத்துணி போதியதாயிற்று. இன்று இலண்டன் மாநகரத்து மாலை விருந்துகளில் கம்மர்பண்ட் அணிவோருள் எத்துணைப் பேர் அதன் பிறப்பிடத்தை எண்ணுவர்?

ஆயின் கச்சைக்கு இன்னொரு முகமும் உண்டு. திருவண்ணாமலைத் திருக்கோயிலுட் புகும் அடியார் தோள்துண்டை எடுத்து அரையிற் கட்டிக்கொள்வர்; அது தாமே விரும்பி மேற்கொண்ட பணிவு. அதே துண்டை நிலக்கிழார் முன்னிலையில் அரையிற் கட்டுக என உழைப்பாளரை வற்புறுத்தியதோ பணிவன்று, இழிவு. இசையால் ஊரையே உருக்கிய நாகசுர வித்துவான்களும் செல்வர் முன்னே தோளில் துண்டிடலாகாது என்று தடுக்கப்பட்டனர். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் சுயமரியாதை இயக்கத்தார் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஒரு முழத் துணி இடையில் இருப்பதா, தோளில் இருப்பதா என்பதிலே மனிதரின் மானம் அடங்கியிருந்தது!

1989-இல் தனி மாவட்டமான திருவண்ணாமலைக்கு ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள இடம் எம் வேங்கிக்கால். தமிழ்நாட்டில் ஆட்சியர்க்கு முன்செல்லும் தபேதார் வெள்ளுடைமேற் செந்நிறப் பட்டை அணிவது நெடுநாள் வழக்கம். அவ்வகைப் பட்டையை டவாலி என்பர். தபேதார் என்பது குதிரைப்படையிலே ஒரு பதவிப் பெயர். படைவீரன் பெருமிதத்தோடு கட்டிய கச்சையே ஏவலரின் அடையாளமாயிற்று போலும். இதனைக் களைந்துவிட வேண்டும் என்பார் உளர். யாம் அவ்வாறு கருதுகிலம். விரும்பினால் அணிக, விரும்பாவிடின் விடுக என்னும் உரிமையை அணிபவர்க்கே அளித்தல் வேண்டும். திருமண வீடுகளில் இளமங்கையர் சேலைமேல் ஒட்டியாணமும் துணிப்பட்டையும் பூணுவது அத்தகைய விருப்பத்தால் அன்றோ?